‘உபயம்: நண்பர்கள் குழு’ என்று தேர்தல் நோட்டீஸில் போட்டால் போதுமா?

கேள்வி இது: ‘எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார். நண்பர்கள் பத்துப் பேர் கைக்காசு போட்டு 5,000 நோட்டீஸ், 20 ஃப்ளெக்ஸ், கொஞ்சம் ஃபேஸ்புக் விளம்பரம், லோக்கல் கேபிளில் ஒரு சின்ன வீடியோ போடலாம் என்றிருக்கிறோம். கீழே “உபயம்: நண்பர்கள் குழு” என்று போட்டால் போதுமா? வேறு அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?’

போதாது. கோயில் திருவிழா நோட்டீஸில் உபயதாரர் பெயர் போடுவது மரியாதைக்காக. தேர்தல் நோட்டீஸில் பெயர் கேட்பது, நாளைக்குப் புகார் வந்தால் யாரைத் தேடிப் போவது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. நண்பர்கள் குழுவுக்குக் கதவு எண் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அந்த வரி இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் இல்லாத மாதிரிதான். நம் ஊர் போஸ்டர்களின் அடியில் வரிசையாகப் படம் போட்டு ‘இவண்’ என்று பத்துப் பதினைந்து பேர் பெயர் வருமே, அதுவும் இந்தக் கணக்கில் சேராது.

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல எண்ணத்தோடு உதவ வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். வேட்பாளர் எழுதிக் கொடுக்காமல், அவர் ஜெயிப்பதற்காக வேறு யாரும் காசு செலவழிக்கக் கூடாது. பொதுக்கூட்டம், விளம்பரம், துண்டறிக்கை எதுவானாலும் சரி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-வது பிரிவு இதைக் குற்றமாக வைத்திருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 171-எச் என்று இருந்த பிரிவுதான் இது. அப்போது 500 ரூபாய் வரை அபராதம், இப்போது 10,000 ரூபாய் வரை. 10 ரூபாய்க்கு மேற்படாத செலவாக இருந்தால் மட்டும் 10 நாளுக்குள் வேட்பாளரிடம் எழுதி வாங்கிச் சரிசெய்துகொள்ளலாம் என்று ஒரு விலக்கு உண்டு. 1920-ல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது, இன்றைக்கு அது எதற்கும் உதவாது. ஆகவே ‘செய்யுங்க தம்பி, பாத்துக்கலாம்’ என்று அவர் வாயால் சொன்னது அனுமதி ஆகாது. செலவு செய்த பிறகு வாங்கும் கடிதமும் காப்பாற்றாது.

கடிதம் என்றால் முத்திரைத்தாள் எல்லாம் வேண்டியதில்லை. ‘இன்ன தொகுதி வேட்பாளராகிய நான், இன்ன முகவரியில் வசிக்கும் இன்னார் எனக்காக 5,000 நோட்டீஸும் 20 ஃப்ளெக்ஸும் அச்சிட, இத்தனை ரூபாய்க்கு மேற்படாமல் செலவு செய்ய அனுமதி அளிக்கிறேன்’ என்று வெள்ளைத்தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினால் போதும். அச்சகத்து பில்லில் இருக்கும் தேதிக்கு முந்தைய தேதியாக அது இருக்க வேண்டும். உங்களிடம் ஒன்று, வேட்பாளரின் தேர்தல் முகவரிடம் ஒன்று, அச்சகத்தில் ஒன்று என்று மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நேரான வழி ஒன்று இருக்கிறது. பத்துப் பேரும் போட நினைக்கும் பணத்தை வேட்பாளருக்கே நன்கொடையாகக் கொடுத்துவிடுவது. வேட்புமனு தாக்கலுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே தேர்தல் செலவுக்கென்று அவர் தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருப்பார், அதில் போட்டுவிடலாம். ஒருவரிடமிருந்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பதால் பெரிய தொகை கொடுப்பவர் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ கொடுக்க வேண்டும். அதன்பின் நோட்டீஸை வெளியிடுவதும் விளம்பரத்துக்கு விண்ணப்பிப்பதும் வேட்பாளரும் அவருடைய முகவரும். உங்கள் தலையில் எந்தப் படிவமும் விழாது. பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

இனி நோட்டீஸ். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 127-ஏ. தேர்தல் துண்டறிக்கை, சுவரொட்டி எதுவானாலும் அதன் முகப்பிலேயே அச்சிட்டவரின் பெயர் முகவரியும், வெளியிடுபவரின் பெயர் முகவரியும் இருக்க வேண்டும். ஒரு வேட்பாளரை ஆதரித்துப் போட்டாலும் இதேதான், எதிர்த்துப் போட்டாலும் இதேதான். ‘நாங்கள் யாருக்கும் ஓட்டுக் கேட்கவில்லை, அவரைப் பற்றிய உண்மையைத்தான் சொன்னோம்’ என்று தப்பிக்க முடியாது. கையால் எழுதிப் படி எடுப்பது தவிர, பிரதி பெருக்கும் எந்த முறையும் சட்டப்படி அச்சுதான், அதனால் ஜெராக்ஸ் கடையில் எடுத்த 200 தாளும் இதற்குள் வரும். கூட்டம் என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே என்று மட்டும் சொல்லும் அறிவிப்புக்கும், கட்சித் தொண்டர்களுக்கான வழக்கமான குறிப்புகளுக்கும் விலக்கு உண்டு. அந்தக் கூட்ட அறிவிப்பின் அடியில் சின்னத்தைப் போட்டு ‘வாக்களிப்பீர்’ என்று சேர்த்தால் விலக்கும் போய்விடும்.

அச்சகத்துக்குப் போவதற்கு முன்னாலேயே வெளியிடுபவர் ஓர் உறுதிமொழி தயார் செய்ய வேண்டும். தான் யார், எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்லி அவர் கையெழுத்திடுவார். அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் அதில் சான்றொப்பம் இடுவார்கள். இரண்டு பிரதி அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அச்சிட்ட மூன்று நாளுக்குள் அச்சகத்துக்காரர் அந்த உறுதிமொழியின் ஒரு பிரதியையும், அச்சிட்டதில் நான்கு பிரதியையும், எத்தனை படிகள் அடித்தார், எவ்வளவு வாங்கினார் என்ற விவரத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். மாநிலத் தலைநகரில் அச்சிட்டிருந்தால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு, வேறு எங்கே அச்சிட்டிருந்தாலும் அந்த மாவட்ட ஆட்சியருக்கு. எந்த மாவட்டம் என்பதில் பலர் தவறுகிறார்கள். வேட்பாளர் நிற்கும் மாவட்டம் அல்ல, அச்சு ஓடிய மாவட்டம். விலை மலிவு என்று சிவகாசியில் அடித்துத் தஞ்சாவூர்ப் பக்கம் கொண்டுவந்தால் உறுதிமொழி போக வேண்டியது விருதுநகர் ஆட்சியருக்கு.

மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது அச்சகத்துக்காரருக்கும் பொருந்தும் என்பதால் விவரம் தெரிந்த அச்சகங்கள் உறுதிமொழி இல்லாமல் பிளேட் போடவே மாட்டார்கள். ‘அதெல்லாம் வேண்டாம், நாங்க அடிச்சுத் தர்றோம்’ என்று சொல்லும் இடத்தை விட்டு வந்துவிடுங்கள். புகார் வந்தால் அவர்கள் தங்கள் பெயரே போடாமல் ஒதுங்கிக்கொள்வார்கள், சின்னத்தோடு பிடிபடுவது உங்கள் வேட்பாளர்.

அந்தக் கடைசி வரி எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. ‘அச்சிட்டோர்: அச்சகத்தின் பெயர், கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீட்டு எண். வெளியிடுவோர்: பெயர், அதேபோல முழு முகவரி.’ பக்கத்தில் ‘பிரதிகள்: 5,000’ என்றும் போட்டுவிட்டால் செலவுக் கணக்கோடு ஒப்பிடும்போது பேச்சு வளராது. செல்பேசி எண் மட்டும் போட்டால் அது முகவரி ஆகாது. வடிவமைப்பவர்கள் வழக்கமாக இந்த வரியைத் தாளின் விளிம்பை ஒட்டி, ஆறு புள்ளி எழுத்தில் வைப்பார்கள். கட்டிங் மெஷினில் போகும்போது அது பாதி நறுக்கிவிடும், 5,000 நோட்டீஸும் வெளியிடுபவர் இல்லாத நோட்டீஸாகிவிடும். விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி, வெள்ளைமேல் கறுப்பாகப் போடச் சொல்லுங்கள்.

ஃப்ளெக்ஸில் இதே தொல்லை வேறு மாதிரி வரும். மரச்சட்டத்தில் ஆணி அடிக்க நாலு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் மடிப்பார்கள், அடிவரி மடிப்புக்குள் போய்விடும். பிடிக்க வருகிற பறக்கும் படை சட்டத்தைப் பிரித்துப் பார்க்காது. அதனால் மடிப்புக்கு விட்ட இடத்துக்கு மேலே, தரையில் நின்று பார்த்தால் படிக்கிற அளவில் போட வேண்டும். ‘பெரிய விளம்பரப் பலகைக்கு 127-ஏ பொருந்துமா?’ என்ற வாதம் முன்பு இருந்தது. 2024 ஏப்ரலில் தேர்தல் ஆணையம் ஹோர்டிங் உட்பட எல்லா அச்சு விளம்பரத்திலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் விவரம் கட்டாயம் என்று தெளிவாக உத்தரவிட்டுவிட்டது. வைக்கும் இடத்துக்கு உள்ளாட்சியிடம் வாங்கும் அனுமதி தனி, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேபிள் வீடியோவின் விதி முற்றிலும் வேறு. கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி அரசியல் விளம்பரமே போடக் கூடாது என்று முன்பு இருந்தது. ஜெமினி டிவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 13 அன்று, முன்சான்று பெற்றுப் போடலாம் என்று உத்தரவிட்டது. இன்றைக்கு அந்தச் சான்றைக் கொடுப்பது ஊடகச் சான்றிதழ் மற்றும் கண்காணிப்புக் குழு. எல்லோரும் எம்.சி.எம்.சி. என்பார்கள். வேட்பாளர் விளம்பரத்துக்கு மாவட்ட அளவிலான குழுவிடம் போக வேண்டும். டிவி, கேபிள், பண்பலை வானொலி, சினிமா தியேட்டர், பொது இடத்தில் ஓடும் ஒலி ஒளிக் காட்சி, மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்தி, குரல் அழைப்பு, இணையத்தில் காசு கொடுத்துப் போடும் விளம்பரம் எல்லாமே இதில் அடங்கும்.

விண்ணப்பத்தோடு வீடியோவை மின்னணு வடிவில் இரண்டு பிரதியும், அதில் பேசுவது முழுவதையும் எழுத்தில் எடுத்து உறுதிசெய்த தாளும் தர வேண்டும். தயாரிப்புச் செலவு எவ்வளவு, எத்தனை முறை ஓடும், ஒரு முறைக்கு என்ன கட்டணம், பணம் காசோலையாகவோ வரைவோலையாகவோ மட்டுமே கொடுக்கப்படும் என்ற உறுதி, இவையும் அதில் வரும். வேட்பாளரோ அங்கீகாரம் பெற்ற கட்சியோ கேட்டால் ஒளிபரப்புக்குக் குறைந்தது 3 நாள் முன்பு விண்ணப்பித்தால் போதும். மற்றவர்கள் என்றால் 7 நாள். அதோடு, இந்த விளம்பரம் எந்தக் கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதாயமாகப் போடப்படவில்லை, அவர்கள் இதற்குப் பணம் தரவில்லை என்று அந்த மற்றவர்கள் சத்தியப் பிரமாணமும் கொடுக்க வேண்டும். உங்கள் வீடியோவோ அவருக்கு ஓட்டுக் கேட்கிற வீடியோ. அந்தப் பிரமாணத்தில் நீங்கள் உண்மையாகக் கையெழுத்துப் போட முடியாது. ஆகவே கேபிள் விண்ணப்பம் வேட்பாளர் பெயரில் போவதைத் தவிர வழி இல்லை. சான்று வாங்கிய பிறகு வீடியோவில் ஒரு வசனத்தை மாற்றினாலும் பழைய சான்று அதற்குச் செல்லாது, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அவசரத்தில் கடைசி நேரத் திருத்தம் செய்து சிக்குகிறவர்கள் அதிகம்.

ஃபேஸ்புக்கில் வேட்பாளர் தன் சொந்தக் கணக்கில் எழுதுவதும், நீங்கள் உங்கள் பக்கத்தில் அவரை ஆதரித்துப் பதிவிடுவதும் விளம்பரம் அல்ல. அதற்கு முன்சான்று வேண்டாம். ‘பூஸ்ட்’ பட்டனை அழுத்திக் காசு கட்டிய நொடியில் அது விளம்பரம். அப்போது எம்.சி.எம்.சி. சான்றும் வேண்டும், அந்தத் தளத்தின் விதியும் பொருந்தும். மெட்டா நிறுவனம் இந்தியாவில் 2019 பிப்ரவரியிலிருந்து அரசியல் விளம்பரதாரர்களின் அடையாளத்தைச் சரிபார்க்கிறது. அடையாள அட்டை, இருப்பிடம், இரண்டடுக்குப் பாதுகாப்பு எல்லாம் முடித்து, பணம் செலுத்துபவர் யார் என்ற வரியைப் பதிவு செய்த பிறகுதான் விளம்பரம் ஓடும். இதற்குச் சில நாள் பிடிக்கும், வாக்குப்பதிவுக்கு நாலு நாள் முன்னால் தொடங்கினால் வேலைக்கு ஆகாது. அரசியல் விளம்பரம் என்று குறிக்காமல் ஓட விட்டால் தளம் நிறுத்திவிடும், நிறுத்தப்பட்ட விவரத்தோடு அது, எல்லோரும் பார்க்கக்கூடிய மெட்டாவின் விளம்பர நூலகத்தில் ஏழு வருடம் இருக்கும். கூகுளும் யூடியூபும் இந்தியத் தேர்தல் விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் முன்சான்றின் நகலைக் கேட்கின்றன.

இணையத்துக்குச் செலவு என்றால் தளத்துக்குக் கட்டிய தொகை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆணையத்தின் 2013 அக்டோபர் உத்தரவின்படி, படம் வடிவமைத்தவருக்குக் கொடுத்தது, வீடியோ எடுத்தவருக்குக் கொடுத்தது, பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனின் சம்பளம் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளை, வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவில் குரலோ முகமோ செய்திருந்தால் 2025 அக்டோபரில் வந்த ஆணையத்தின் அறிவுரையைப் பாருங்கள். படத்தின் பரப்பில் குறைந்தது 10 விழுக்காட்டுக்கு, கண்ணில் படும்படி அடையாள வாசகம் இருக்க வேண்டும். ஒலியென்றால் முதல் 10 விழுக்காட்டு நேரத்துக்கு. உருவாக்கியவர் யார் என்ற விவரமும் வேண்டும்.

நாளிதழ் விளம்பரத்துக்கு மற்ற நாட்களில் முன்சான்று கிடையாது. வாக்குப்பதிவு நாளும் அதற்கு முந்தைய நாளும் மட்டும் உண்டு, வெளியாகும் தேதிக்கு இரண்டு நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். டிவியிலும் அதுபோன்ற கருவிகளிலும் பிரச்சாரம் காட்டுவதற்கு, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் முழுத்தடை, பிரிவு 126. நாளிதழ் அந்தப் பிரிவில் இல்லாததால்தான் இந்த இரண்டு நாள் ஏற்பாடு.

விளம்பரம் என்றே தெரியாமல் செய்தி போலப் போடுவது எல்லாவற்றிலும் மோசமானது. வாசகர் நம்பி வாங்கும் பத்திரிகையில் அவர் நம்பிக்கையையே விற்பது அது. எம்.சி.எம்.சி. தினமும் பத்திரிகைகளைப் படித்து, சந்தேகம் வந்தால் வெளியான 96 மணி நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் மூலம் வேட்பாளருக்கு நோட்டீஸ் போகும். 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதியில் 2007-ல் ஜெயித்த உம்லேஷ் யாதவ், இரண்டு நாளிதழ்களில் செய்தி வடிவில் வந்த விளம்பரத்தின் செலவைக் கணக்கில் காட்டவில்லை. தொகை 21,250 ரூபாய்தான். 2011 அக்டோபரில் தேர்தல் ஆணையம் அவரை மூன்று ஆண்டுக்குத் தகுதிநீக்கம் செய்தது. தொகை சிறியது என்பது அங்கே வாதமாக நிற்கவில்லை.

அதனால் கணக்குதான் இவ்வளவுக்கும் போய்ச்சேரும் இடம். தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 2022 ஜனவரியில் 40 லட்சமாக உயர்த்தப்பட்டது, மக்களவைக்கு 95 லட்சம். வேட்பாளருக்குத் தரும் பதிவேட்டில் வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. பிரச்சார நாட்களில் குறைந்தது மூன்று முறை செலவினப் பார்வையாளர் முன் காட்ட வேண்டும். ஆணையத்தின் ஆட்கள் தனியாக ஒரு நிழல் பதிவேடு எழுதி வருவார்கள். உங்கள் 20 ஃப்ளெக்ஸும் படத்தோடு அதில் இருக்கும், வேட்பாளர் பதிவேட்டில் இல்லாவிட்டால் அப்போதே கேள்வி வரும். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும், தவறினால் பிரிவு 10-ஏ படி மூன்று ஆண்டுத் தகுதிநீக்கம். தோற்ற சுயேச்சைகள் ‘தோத்தாச்சு, இனி என்ன கணக்கு’ என்று விட்டுவிட்டு, அடுத்த தேர்தலில் நிற்க முடியாமல் போவது இதனால்தான். உங்கள் நண்பருக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

இந்த விதிகளில் எனக்குள்ள குறையையும் சொல்ல வேண்டும். 127-ஏ கேட்பது அச்சிட்டவரையும் வெளியிட்டவரையும்தான், காசு போட்டவரை அல்ல. கேபிள் விளம்பரத்துக்கு யார் பணம் என்பது குழுவின் கோப்பில் இருக்கும், திரையில் பார்க்கும் வாக்காளருக்குத் தெரியாது. அமெரிக்காவில் விளம்பரத்தின் மேலேயே ‘இன்னார் பணம் செலுத்தியது’ என்ற வரி கட்டாயம். 2002-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, டிவியிலும் வானொலியிலும் வேட்பாளரே தன் குரலில் ‘இந்தச் செய்தியை நான் ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். நம் வாக்காளருக்கும் அந்த உரிமை கிடைக்க வேண்டும். கட்சியின் பொதுப் பிரச்சாரச் செலவுக்கு இங்கே வரம்பே இல்லை என்பதால் அந்தத் தேவை இன்னும் கூடுதல்.

இருப்பதை வைத்தே வாக்காளர் கொஞ்சம் செய்யலாம். அச்சகங்கள் அனுப்பிய நோட்டீஸ் பிரதிகளை ஆட்சியர் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு, போய்ப் பார்க்கலாம். பெயரில்லாத போஸ்டர் கண்ணில் பட்டால், தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலில் அங்கேயே நின்று படம் எடுத்து அனுப்புங்கள், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் கணக்கு. செல்போனில் முன்பே எடுத்து வைத்த படத்தை அது ஏற்காது. தேர்தல் முடிந்த பிறகு எந்த வேட்பாளரின் செலவுக் கணக்கையும் மாவட்டத் தேர்தல் அதிகாரி அலுவலகத்தில் ஒரு ரூபாய் கட்டணம் கட்டிப் பார்வையிடலாம், தேர்தல் நடத்தை விதிகளின் 88-வது விதி. உங்கள் நண்பரின் கணக்கையும் அப்படித்தான் வேறொருவர் வந்து பார்ப்பார். உங்கள் 5,000 நோட்டீஸும் அச்சகத்து பில்லும் அனுமதிக் கடிதமும் அதில் இருக்கின்றனவா என்று நீங்களே முன்கூட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.